நான்கு மாவட்டங்களின் ஏடுகளில் ஒரு குடும்பம்

திருத்தணி வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடப் புகுவோர், குடும்பத்தின் கதைக்கு முன் எல்லையின் கதையைப் படித்தாக வேண்டும். கார்வேட்நகர் ஜமீனுக்கு உட்பட்டிருந்த இவ்வூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள், வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்து, கார்வேட்நகர், காளஹஸ்தி, புங்கனூர் ஜமீன் நிலங்களையும் உடன்சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் சென்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அம்மாநிலத்தில் அடங்கிற்று. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்திற்கு வந்தன. சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. 1997இல் செங்கற்பட்டு மாவட்டமும் பிரிக்கப்பட, திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில் வந்து நின்றது. 1905இல் இவ்வூரில் பிறந்து, ஊரைவிட்டு நகராமல், 93 வயது வரை வாழ்ந்த ஒருவர் நான்கு மாவட்டங்களின் குடியாக இருந்திருப்பார்.

இந்த மாற்றங்கள் நிலப்படத்தில் நின்றுவிடுபவை அல்ல. நிலத்தோடு ஏடுகளும் கைமாறுகின்றன, சில சமயம் கைமாறாமல் பழைய அலுவலகத்திலேயே தங்கிவிடுகின்றன. வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் 1911 வரை வேலூர் அன்று, சித்தூரே. ஆகவே 1911க்கு முன்னும் பின்னும் திருத்தணி மக்கள் மனுக் கொடுக்கச் சென்ற கலெக்டர் கச்சேரி ஒரே ஊரில்தான் இருந்தது. மாறியது மாவட்டத்தின் பெயர் மட்டுமே. இதை அறியாதவர், 1908ஆம் ஆண்டின் காகிதத்தில் ‘வட ஆர்க்காடு’ என்று கண்டவுடன் வேலூருக்குப் பேருந்து ஏறிவிடுவார். 1953 முதல் 1960 வரையிலான காலத்து ஆவணத்தைத் தேடுபவருக்கோ மாநிலமே மாறிவிடுகிறது. தெலுங்கில் எழுதப்பட்ட பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருந்தும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் எவருமில்லாத தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. இதற்கு நேர்மாறான நிலையில் உள்ள தெலுங்குக் குடும்பங்களும் உண்டு.

பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் குடும்பங்களின் நன்மையைக் கருதித் தோன்றியதன்று. 1864இல் சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் அமைக்கப்பட்டது முதல், வாந்திபேதியும் அம்மையும் எங்கே எத்தனை உயிரைக் கொண்டன என்று கணக்கெடுக்க வேண்டிய தேவை அரசுக்கு ஏற்பட்டது. இறப்பை எண்ணப் புகுந்தபோது பிறப்பையும் எண்ண வேண்டியதாயிற்று. ஊர் முன்சீபும் கர்ணமும் அந்தக் கணக்கை எழுதித் தாலுகா கச்சேரிக்கு அனுப்பினர். ஊரின் வரிவசூலையும் காவலையும் பார்த்த தலைவர் முன்சீப், நிலக் கணக்கை எழுதியவர் கர்ணம். 1899ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாகிய சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதற்குச் சட்ட வலிமை தந்தது. ஆனால் ஓர் ஊருக்கு அச்சட்டம் நீட்டிக்கப்பட்ட பிறகே அங்கே பதிவு கட்டாயமாயிற்று. நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. தமிழகத்தில் 1980இல் கர்ணம், முன்சீப் முதலிய பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபின், ஊராட்சிகளில் அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. பழைய ஏடுகள் சார்பதிவாளர் அலுவலகக் காப்பறைகளைச் சேர்ந்தன.

எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட ஏடு என்பதை அதன் பக்கங்களே காட்டிவிடும். பிறந்த சில நாட்களுக்குள் தகவல் சொல்லப்படுவதால் பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்ற ஒரு சொல், தகப்பன் பெயர், சாதி, பிறந்த தேதி ஆகியவற்றோடு வரி முடிந்துவிடும். தன் பாட்டனாரின் பெயரைத் தேடி ஏட்டைப் புரட்டுபவருக்கு அப்பெயர் எங்குமே கிடைக்காது. கொள்ளுப்பாட்டனாரின் பெயரைக் கொண்டு, அவருக்கு எந்தெந்த ஆண்டில் ஆண் குழந்தைகள் பிறந்தன என்று பார்த்து, அவற்றுள் எது பாட்டனார் என்று உய்த்துணர வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது இந்நாட்டு வழக்கம் ஆதலால், திருத்தணிக் குடும்பத்தின் தலைப்பிள்ளை திருத்தணி ஏட்டில் இருப்பதில்லை. மருமகள் நகரியிலிருந்து வந்தவளானால் நகரி ஏட்டிலும், பள்ளிப்பட்டிலிருந்து வந்தவளானால் பள்ளிப்பட்டு ஏட்டிலும் அப்பிறப்பு பதிவாகியிருக்கும். இரண்டாம் பிள்ளை முதல் பதிவு தகப்பன் ஊருக்குத் திரும்பிவிடலாம். மூத்தவர் ஒருவரின் பிறப்பு ஏட்டில் இல்லை என்பதால் அவர் பிறப்பே பதிவாகவில்லை என்று முடிவு கட்டுவோர், பெரும்பாலும் பாட்டியின் பிறந்த ஊரைக் கேட்க மறந்தவர்களாகவே இருப்பர்.

பெயரும் எளிதில் வழிவிடுவதில்லை. மலைமேல் இருக்கும் முருகனிடம் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு அங்கேயே முடியிறக்கிக் காதுகுத்திப் பெயரிடும் வழக்கத்தால், இவ்வட்டாரத்து ஏடுகளில் தணிகாசலமும் சுப்பிரமணியும் முருகேசனும் வள்ளியம்மாளும் பக்கத்திற்குப் பக்கம் வருகின்றனர். தந்தைவழிப் பாட்டன் பெயரைத் தலைமகனுக்கு இடுவதால், தணிகாசலம் மகன் முருகேசன், முருகேசன் மகன் தணிகாசலம் என்று தலைமுறைகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறிமாறி வந்து, ஐம்பது ஆண்டு இடைவெளியுள்ள இரு மனிதரை ஒருவராகக் காட்டிவிடுகின்றன. அயர்லாந்துக் குடும்ப வரலாற்றாளரும் இதே இடத்தில்தான் இடறுகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது: அங்கும் மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரும் இடுவது பரவலான மரபாக இருந்தது, பேட்ரிக், ஜான், மேரி, பிரிட்ஜெட் என்னும் சில பெயர்களுக்குள்ளேயே ஒரு பங்கு முழுவதும் அடங்கிவிடும். ஆனால் அவர்களிடம் தலைமுறை மாறினும் மாறாத குடும்பப் பெயர் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் அதுவும் இல்லை, முன்னெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகிறது. இவ்வகையில் திருத்தணியின் தெலுங்குக் குடும்பங்கள் நல்வாய்ப்புப் பெற்றவை. ‘இண்டிபேரு’ எனப்படும் வீட்டுப்பெயர் அவர்களிடம் வழிவழியாக நிலைத்திருப்பதோடு, பல சமயம் குடும்பம் புறப்பட்டு வந்த ஊரையும் சுட்டுகிறது; திருத்தணியில் பிறந்த சர்வேபல்லி ராதாகிருஷ்ணனின் வீட்டுப்பெயர் நெல்லூர்ப் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரே.

அவரது பிறந்தநாளையே இவ்வட்டாரத்து ஆவணச் சிக்கலுக்குச் சான்றாகக் காட்டலாம். 1888 செப்டம்பர் 5 என்பது அரசு ஏற்ற தேதி; 1962 முதல் நாடு முழுவதும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுவதும் அதுவே. ஆயினும் அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான எஸ். கோபால், 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் கருதினார் என்று எழுதுகிறார். நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவருக்கே ஓராண்டு வேறுபாடு தீராமல் நின்றது என்றால், பதிவு கட்டாயமாவதற்கு முன் பிறந்த மற்றவர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் வயதுக்குச் சான்றாக நின்றவை இரண்டு: ஒன்று ஜாதகம், மற்றொன்று பள்ளிச் சேர்க்கை ஏடு. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது, வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட முடிகிறதா என்று பார்த்து, தொட்டால் ஐந்து வயது என்று கொண்டு, ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வது வழக்கமாக இருந்தது; அத்தேதியே பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும், அரசு வேலையிலும், ஓய்வூதியத்திலும் தொடர்ந்தது.

ஜாதகம் அதைவிடத் துல்லியமானது, படிக்கத் தெரிந்தால். அதில் ஆண்டு எண்ணால் குறிக்கப்படாமல் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் குறிக்கப்படும். 1887 சர்வசித்து, 1888 சர்வதாரி. சர்வதாரி என்பது 1828ஐயும் 1948ஐயும் கூடக் குறிக்கும் ஆதலால், உறவினரின் வயதை ஒட்டி எந்தச் சுழற்சி என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இரு மொழியினர் கலந்து வாழும் திருத்தணியில் இன்னொரு நுட்பமும் சேர்கிறது. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் ஆண்டு உகாதியன்று, பெரும்பாலும் மார்ச் பிற்பகுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பிறக்கிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ஏப்ரல் நடுவில் சித்திரை முதல் நாளன்று பிறக்கிறது. இடைப்பட்ட நாட்களில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே இரவில் பிறந்த இரு குழந்தைகளுக்குத் தெலுங்கு வீட்டு ஜாதகத்தில் ஓர் ஆண்டுப் பெயரும், தமிழ் வீட்டு ஜாதகத்தில் அதற்கு முந்தைய ஆண்டின் பெயரும் எழுதப்பட்டிருக்கும், இரண்டும் சரியே.

திருமணத்தைப் பற்றிய ஆவணங்களுக்கு வரும்போது தேடுபவர் வெறும் கையோடு நிற்க நேரிடும். இந்துக் குடும்பத்தில் திருமணம் என்பது உறவினர் முன்னிலையில் நடந்து முடியும் சடங்காகவே இருந்ததால், அதை எழுதி வைக்க வேண்டிய கடமை அரசுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, புரோகிதருக்கும் இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 8ஆம் பிரிவில் பதிவுக்கு வழி செய்ததே தவிர அதைக் கட்டாயமாக்கவில்லை. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கிய 1967ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தமும் பதிவை வற்புறுத்தவில்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்த பின்னரே, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இன்று உயிரோடிருக்கும் முதியோர் பலரின் திருமணத்திற்கே சான்றிதழ் கிடையாது; அவர்களுடைய பாட்டன் பாட்டியின் திருமணத்திற்கு அதைத் தேடுவது வீண்.

மணம் நடந்ததன் சுவடு வேறு இடங்களில் கிடைக்கிறது. வீட்டுப் பெட்டியில் மஞ்சள் தடவிய பத்திரிகை இருக்கலாம். யார் எவ்வளவு பணம் வைத்தார் என்று எழுதிய மொய் நோட்டு இருக்கலாம். பின்னதே பயன் மிக்கது: எந்த ஊர்க்காரர், யாருக்கு என்ன முறை, யார் அப்போது உயிரோடிருந்தார் என்பவையெல்லாம் அதில் ஒரே இரவில், கணக்குப் பிள்ளையின் கவனத்தோடு எழுதப்பட்டுவிடுகின்றன, ஏனென்றால் அந்தப் பணத்தைத் திரும்பச் செய்தாக வேண்டும். எல்லாவற்றினும் உறுதியானது நிலப்பத்திரம். பதிவு செய்யப்பட்ட கிரயப்பத்திரமும் பாகப்பிரிவினையும் ‘இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்றும், ‘இன்னாருடைய மனைவி இன்னார்’ என்றும் உறவைச் சொல்லியே தொடங்கும். பாகப்பிரிவினையில் உடன்பிறந்தார் அனைவரும், விதவைகளும், மைனர் பிள்ளைகளும் அவர்களுக்குக் கார்டியனாக நின்றவரும் வரிசையாக வருவர். மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வழியாகப் பின்னோக்கிச் செல்பவர், நிலத்தின் வரலாற்றைத் தேடுவதாக எண்ணிக் குடும்பத்தின் வரலாற்றைக் கண்டெடுக்கிறார். கோயில் ஊழியத்திற்காகவோ பிறவற்றிற்காகவோ இனாம் நிலம் பெற்றிருந்த குடும்பங்களுக்கு இன்னொரு கொடை உண்டு. வரியின்றியோ குறைந்த வரியிலோ அனுபவிக்க விடப்பட்ட நிலமே இனாம். அதன் உரிமையை ஆராய 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் தயாரித்த பதிவேடுகளில், அப்போதைய அனுபவதாரரின் பெயர், வயது, முதலில் இனாம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பவை தனித்தனிப் பத்திகளில் எழுதப்பட்டன. இந்தப் பதிவேடுகளுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். வரியை விட்டுக்கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் அரசு அவ்வளவு நுணுக்கமாக விசாரித்தது. ஆயினும் 1860களின் வம்சாவளி ஒன்று எழுத்தில் அமைந்துவிட்டது. நிலமில்லாதவருக்கு இந்த வாயில் எதுவும் இல்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

திருத்தணியிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் உள்ள அரக்கோணத்தில் நிலைமை முற்றிலும் வேறு. 1856இல் சென்னை இரயில்வே கம்பெனி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இட்ட முதல் பாதை அவ்வூர் வழியே சென்றது. பின்னர் திருத்தணி வழியாக வடமேற்கே செல்லும் பாதையும் அங்கிருந்து பிரிந்ததால் அது சந்திப்பு நிலையமாகி, ஓட்டுநர்களும் கார்டுகளும் நிரம்பிய ஆங்கிலோ இந்தியக் குடியிருப்பு அங்கே வளர்ந்தது. அயர்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு ஆள் வந்துகொண்டே இருந்ததால், அத்தகைய குடும்பங்கள் பலவற்றில் அயர்லாந்துப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அருகிலுள்ள சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியோடு பொருத ஆங்கிலேயப் படைத் தளபதி ஐயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியைச் சேர்ந்தவர். சென்னையின் ஐரோப்பியப் படைப்பிரிவு 1881இல் ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்னும் அயர்லாந்துப் படையாகவே பெயர் மாறியது. இப்படையினரும் இரயில்வேக்காரரும் மாதாகோயிலில் மணம் புரிந்துகொண்டபோது பாதிரியார் பதிவேட்டில் எழுதி, அதன் நகலைச் சென்னைக்கு அனுப்பினார்; அங்கிருந்து மற்றொரு நகல் இலண்டனுக்குச் சென்றது. 1698 முதலான அந்நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. அயர்லாந்துக்காரரில் பலர் கத்தோலிக்கர். அவர்களுடைய பதிவுகள் இலண்டனுக்கு முழுமையாகச் சென்றதில்லை, ஆதலால் பங்குக் கோயிலின் மூல ஏட்டையே நாட வேண்டும். அந்த ஏடு இலத்தீனில் இருக்கும். ஜான் அங்கே யோவான்னெஸ் ஆகிவிடுவார். 1908 முதல், ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும் என்னும் திருச்சபை விதி நடைமுறைக்கு வந்ததால், ஒரே வரியில் பிறப்பும் மணமும் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அயர்லாந்திலேயே எல்லாப் பிறப்புகளும் கத்தோலிக்கத் திருமணங்களும் அரசுப் பதிவுக்கு வந்தது 1864இல்தான். அதற்கு முற்பட்ட, அயர்லாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த பங்கு ஏடுகளில் பாதிக்கு மேற்பட்டவை, 1821 முதல் 1851 வரையிலான மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளோடு, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் தீப்பற்றியபோது அழிந்தன.  ஆகவே 1840இல் சென்னையில் மணம் செய்த அயர்லாந்து ஆங்கிலிக்கன் சிப்பாயின் திருமணத்தை இன்று உறுதிப்படுத்திவிடலாம். அவர் ஊரில் தங்கிய அண்ணனின் திருமணத்தைப் பெரும்பாலும் முடியாது. டப்ளினில் எழுதி வைத்தது எரிந்தது. திருத்தணியில் எழுதவே இல்லை.

கடல் கடந்த தமிழரிடமும் இதே முரண் காணப்படுகிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரில் சென்னைத் துறைமுகத்தில் ஏறியோரே மிகுதி; வட ஆர்க்காடு அவர்களில் பலரை அனுப்பிய மாவட்டம். கப்பலேறுமுன் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. நேட்டாலில் இறங்கியபின் அவர்களுடைய திருமணங்களும் பிறப்புகளும் குடியேற்றக் காவலர் அலுவலகத்தில் பதிவாயின. கூலியாளை அடையாளம் கண்டு பிடித்து வைக்கவே இத்தனை எழுத்து; அதனால் டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரனுக்குத் தன் முன்னோரின் ஊரும் தாலுகாவும் தெரிகிறது.  ஆனால் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரை மீண்டும் தமிழ் ஊராக்குவது பெரும்பாடு. ஜில்லாவும் தாலுகாவும் தெளிவாக இருந்தால், அத்தாலுகாவின் ஊர்ப்பட்டியலோடு ஒலியை ஒப்பிட்டு இரண்டு மூன்று ஊர்களுக்குள் அடக்கிவிட முடியும். 1911க்கு முன் எழுதப்பட்ட வட ஆர்க்காடு இன்று ஆந்திரத்திலும் இருக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

திருத்தணி மலைமேல் இன்றும் முகூர்த்த நாட்களில் திருமணங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து வரும் தெலுங்குக் குடும்பங்களும் அங்கே தாலி கட்டிக்கொண்டு இறங்குகின்றன. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி, தமிழகத்தில் நடக்கும் திருமணம் 90 நாட்களுக்குள் இங்குள்ள சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும். அதற்குக் கோயிலில் தரும் இரசீது, பத்திரிகை, இருவரின் வயதுச் சான்று, சாட்சிகளின் கையெழுத்து ஆகியவை கேட்கப்படுகின்றன. மணமகனும் மணமகளும் வாழப்போவது ஆந்திரத்தில், அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்புப் பதிவாகப்போவதும் அங்கேதான். திருமணம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்து ஏட்டில் தமிழில் இருக்கும்.